தூக்கிய எடைக்கு ஒரு கொப்பி
(கொழும்பு, கொம்பனித்தெருவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் இன்று இரண்டு கூட்டத்தார் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் ஜிம்மில் பயிற்சி கொடுப்பவர்களும் எடுப்பவர்களும். மறுபக்கம் மென்பொருள் படிக்கும் பிள்ளைகள். உங்கள் இரு தரப்புக்கும் பொதுவான ஒரு சிறிய பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இன்று எத்தனை கிலோ, எத்தனை தடவை தூக்கினோம் என்று குறித்து வைக்கும் கைபேசிச் செயலி. சொந்தமாக ஒரு சேர்வர் வாங்காமல், மாதா மாதம் வாடகை கட்டாமல், இந்தத் தெருவில் இருந்தபடியே ஒரு மாணவர் அதைச் செய்து முடிக்கலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதுகிற விரல் எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. சிக்னலுக்காகவும் கூடாது, லொகினுக்காகவும் கூடாது, எங்கோ தூரத்தில் ஓடும் கணினியின் பதிலுக்காகவும் கூடாது. மற்ற முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் வர வேண்டும். பின்னால் நான் விளக்கும் சேர்வர்லெஸ் என்ற ஏற்பாடு நமக்குப் பொருந்துவதும் இதனால்தான்.

கொம்பனித்தெருவுக்கு விளையாட்டும் உடற்பயிற்சியும் புதியவை அல்ல. மலே கிரிக்கெட் கழகம் 1872இல் தொடங்கியது. ஜாவா லேன் கழகத்தின் பெயரைக் கால்பந்து பார்க்கிற கொழும்பு மக்கள் யாரும் மறக்க மாட்டார்கள். இன்றைக்கு மேலே அண்ணாந்து பார்த்தால் அல்டெயர் கோபுரம். அண்ணாந்து பார்க்காமல் நேரே பார்த்தால் பழைய கடைகளின் மேல்மாடிகளில் இரும்புத் தட்டுகள் மோதுகிற சத்தம். அந்த மேல்மாடி ஜிம்களில்தான் நம்முடைய செயலி வேலை செய்ய வேண்டும். அங்கே இப்போது என்ன நடக்கிறது? ஒருவர் கொப்பியில் எழுதுகிறார். ஒருவர் தனக்குத் தானே வாட்ஸப்பில் ‘60 / 8’ என்று அனுப்பி வைக்கிறார். பெரும்பாலானவர்கள் எழுதுவதே இல்லை, போன கிழமை என்ன தூக்கினோம் என்று மாஸ்டரிடம் கேட்கிறார்கள்.

எழுதாமல் விட்டால் என்ன நட்டம்? 1945இல் தோமஸ் டிலோம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். போரில் காலும் முழங்காலும் அடிபட்டு, தசை மெலிந்து போன படைவீரர்களுக்கு அவர் பாரமான எடைகளைத் தூக்கக் கொடுத்தார். அந்தக் காலத்தில் மருத்துவர்கள் இலேசான அசைவைப் பலமுறை செய்யச் சொல்வதுதான் வழக்கம். டிலோம் அதைத் திருப்பிப் போட்டார். ஒரு நோயாளி சரியாகப் பத்து முறை மட்டும் தூக்கக்கூடிய எடை எது என்று பார்ப்பார், அதைக் குறிப்பார், அடுத்த கிழமை மறுபடி அளப்பார், கூட்டுவார். இன்றைக்கு எல்லா மாஸ்டர்மாரும் சொல்கிற ‘கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தைக் கூட்டு’ என்ற முறை மருத்துவத்தில் இப்படித்தான் வேரூன்றியது. போன கிழமையின் எண் கையில் இல்லாவிட்டால் இந்தக் கிழமை கூட்டினோமா, நின்ற இடத்திலேயே நிற்கிறோமா என்று யாருக்கும் தெரியாது. ஆகவே குறிப்பு எழுதுவது பயிற்சியோடு ஒட்டிய உபரி வேலை அல்ல, பயிற்சியின் பாதி அதுதான்.

இப்போது அந்தக் குறிப்பு எழுதப்படுகிற கணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பெஞ்ச் பிரெஸ், மூன்றாவது செட் முடிந்திருக்கிறது. தம்பி எழுந்து உட்கார்ந்திருக்கிறார். மூச்சு வாங்குகிறது. அடுத்த செட்டுக்கு ஒன்றரை நிமிடம்தான் இருக்கிறது, அதில் தண்ணீர் குடிக்க வேண்டும், தட்டு மாற்ற வேண்டும். விரல் வியர்த்திருக்கிறது. வியர்வை பட்ட கண்ணாடித் திரை விரலைச் சரியாக அறியாது, ஓர் இடத்தில் தொட்டால் இன்னோர் இடத்தில் தொட்டதாக எடுக்கும். இந்த நிலையில் அவரிடம் நீங்கள் விசைப்பலகையைத் திறந்து கொடுத்து ‘62.5’ என்று தட்டச் சொன்னால், இரண்டாம் நாளே செயலியை அழித்துவிடுவார்.

அதனால் திரை இப்படி இருக்க வேண்டும். போன தடவை தூக்கிய எடையும் எண்ணிக்கையும் முன்கூட்டியே நிரப்பப்பட்டு நிற்கும். இரு பக்கமும் கட்டைவிரல் அளவில் பெரிய கூட்டல், கழித்தல் பொத்தான்கள். ஒரு தொடுகைக்கு 2.5 கிலோ கூடும், ஏனென்றால் பாரின் இரு முனையிலும் 1.25 கிலோத் தட்டு ஒவ்வொன்று போடுவதுதான் வழமையான மிகச் சிறிய கூட்டல். கீழே அகலமாக ‘முடிந்தது’. எதையும் மாற்றத் தேவையில்லாத நாளில் ஒரே ஒரு தொடுகையில் அந்த செட் பதிவாகிவிட வேண்டும். அதே தொடுகையில் ஓய்வுக்கான நேரக் கணக்கும் ஓடத் தொடங்கட்டும். நிறமும் படமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எடையைப் பற்றி ஒரு சிறு விடயம், மாணவர்கள் கவனியுங்கள். நம் ஜிம்களில் கிலோத் தட்டும் இறாத்தல் தட்டும் கலந்து கிடக்கின்றன. 45 இறாத்தல் தட்டு 20.412 கிலோ. தசமத்தில் வைத்தால் கணினி நாளடைவில் சில்லறைப் பிழைகளைச் சேர்த்துவிடும். கிராமில், முழு எண்ணாக வையுங்கள்: 20412. பயனர் எந்த அலகில் போட்டார் என்பதைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். திரையில் அவர் போட்ட அலகிலேயே திருப்பிக் காட்டுங்கள்.

சரி, ‘முடிந்தது’ என்று தொட்டாயிற்று. அந்தப் பதிவு எங்கே போகிறது? கைபேசிக்குள்ளேயே. எல்லா அன்ட்ரொயிட்டிலும் ஐபோனிலும் எஸ்.கியூ.லைட் என்ற ஒரு சிறிய தரவுத்தளம் ஏற்கெனவே இருக்கிறது. ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது, இன்று உலகத்தில் மிக அதிக இடங்களில் ஓடும் தரவுத்தளம் அதுதான். அதில் ஒரு வரி எழுத மனிதக் கண்ணுக்குத் தெரியாத நேரம் போதும். வரி எழுதப்பட்டதும் திரை அடுத்த செட்டுக்குப் போய்விடும். இணையம் இருக்கிறதா என்று இந்தக் கட்டத்தில் யாரும் பார்க்கவே கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாம் வாழும் ஊர் அப்படி. 2022 மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. மின்சாரம் போய்ச் சில மணிநேரத்தில் தொலைபேசிக் கோபுரங்களின் பற்றரியும் இறங்கிவிடும். அதே ஆண்டு ஏப்ரல் 3ஆம் திகதி சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. பேஸ்புக் கணக்கால் மட்டும் உள்ளே விடுகிற ஒரு செயலி அன்று யாரையும் உள்ளே விட்டிருக்காது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடு முழுவதும் இருண்டது. இவ்வளவு பெரிய நிகழ்ச்சிகளும் தேவையில்லை. பழைய கட்டடங்களின் தடித்த சுவர், கீழ்மாடியில் உள்ளறை, மாத முடிவில் டேட்டா தீர்ந்து ரீலோட் பண்ணாத கைபேசி, இவை தினமும் நடப்பவை. ஆனால் இரும்பு தூக்குவதற்கு மின்சாரமும் தேவையில்லை, டேட்டாவும் தேவையில்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பயிற்சி செய்கிறவருடைய கணக்கும் எழுதப்பட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. செயலிக் கடைக்குப் போகாமல் உலாவியிலேயே ஓடும் செயலியாகச் செய்தால் வேலை குறைவு என்று சிலர் நினைப்பீர்கள். ஆப்பிள் நிறுவனம் 2020இல் சஃபாரி உலாவியில் ஒரு விதி கொண்டுவந்தது. நீங்கள் சஃபாரியைப் பயன்படுத்தும் 7 நாட்களுக்குள் ஒரு தளத்தைத் தொடவே இல்லையென்றால், அந்தத் தளம் உலாவிக்குள் சேமித்த தரவை அது அழித்துவிடும். முகப்புத் திரையில் சேர்த்து வைத்தால் இந்தச் சிக்கல் வராது, ஆனால் எத்தனை பேர் சேர்ப்பார்கள்? கொழும்பில் டெங்கு வந்து பதினைந்து நாள் படுத்து எழும்பி வருகிறவருக்கு, ஆறு மாதக் கணக்கு காணாமற் போயிருப்பது மிகப் பெரிய அநியாயம். ஐபோன்காரர்களையும் சேர்க்க வேண்டுமென்றால் முறையான செயலியாகவே எழுதுங்கள்.

கைபேசியிலேயே எல்லாம் இருக்கிறதென்றால் சேர்வர் எதற்கு? கைபேசி தொலையும். ரயிலில் களவு போகும். பேர வாவியில் விழும். புதுக் கைபேசி வாங்கினால் பழைய கணக்கு வர வேண்டும். மாஸ்டர் தன் மாணவர்களின் முன்னேற்றத்தைத் தன் கைபேசியில் பார்க்க விரும்புவார். இதற்காகத்தான் வெளியே ஒரு பிரதி வேண்டும். அந்தப் பிரதியை வைக்கிற இடம்தான் சேர்வர்லெஸ்.

மென்பொருள் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய முறை, மாத வாடகைக்கு வான் எடுத்து வாசலில் நிறுத்தி வைப்பது. ஓடினாலும் வாடகை, ஓடாவிட்டாலும் வாடகை. சேர்வர்லெஸ் என்பது மீட்டர் போட்ட த்ரீவீல். ஏறினால் மீட்டர் ஓடும், இறங்கினால் நிற்கும். அமேசன் நிறுவனம் 2014 நவம்பரில் லாம்ப்டா என்ற சேவையை அறிவித்தபோது இந்த முறை பரவலாயிற்று. நீங்கள் ஒரு சிறு நிரல் துண்டை மட்டும் கொடுத்து வைக்கிறீர்கள். வேண்டுகோள் வரும்போது அமேசனின் கணினி ஒன்று அதை எழுப்பி, ஓட்டி, பதில் கொடுத்துவிட்டு விட்டுவிடும். 2020 டிசம்பர் முதல் ஒரு மில்லி செக்கன் வரை கணக்குப் பார்த்துத்தான் காசு. கூகுளின் ஃபயர்பேஸ், மைக்ரோசொஃப்டின் அஷூர், சென்னையின் சோஹோ நிறுவனம் தரும் கட்டலிஸ்ட் எல்லாம் இதே வழிதான்.

நம் ஊரிலும் இந்தத் துறையில் ஆழமாக வேலை நடந்திருக்கிறது. சஞ்ஜீவ வீரவரண 2005இல் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் பாலரீனா என்ற நிரல்மொழியை 2017இல் அறிமுகப்படுத்தியது. வலைப்பின்னல் வழியே பேசுகிற நிரல்களுக்கென்றே வடிவமைத்த மொழி அது. அதில் எழுதியதை லாம்ப்டாவில் நேரடியாக ஏற்றலாம். கொழும்பில் பிறந்த ஒரு நிரல்மொழியை உலகம் எடுத்துப் பயன்படுத்துகிறது என்பதை இங்கே படிக்கிற பிள்ளைகள் பெருமையோடு தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஜாவாவின் மெய்நிகர் இயந்திரத்தின் மீது ஓடுவதால் தூக்கத்திலிருந்து எழும்ப அது சற்று நேரம் எடுக்கும். நம் செயலியில் அது பிரச்சினையே இல்லை, ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஜிம்முக்கும் மீட்டருக்கும் என்ன பொருத்தம்? ஜிம்மின் நேர ஒழுங்கைப் பாருங்கள். விடிய ஐந்து மணியிலிருந்து ஏழரை வரை ஒரு கூட்டம். வேலை விட்டு வந்து மாலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை இன்னொரு கூட்டம். நடுவில் மத்தியானத்தில் யாரும் இல்லை, இரவு முழுக்க யாரும் இல்லை. வாடகைச் சேர்வர் அந்த வெறும் மணிநேரங்களுக்கும் காசு கேட்கும். இன்னொன்று, நோன்பு மாதம். றமழானில் நம் தெருவின் நேரம் முழுவதும் மாறிவிடும். தராவீஹ் தொழுகை முடிந்து இரவு பத்து, பதினொன்றுக்குப் பிள்ளைகள் ஜிம்முக்கு வருவார்கள், சிலர் நோன்பு திறக்க முன் இலேசான பயிற்சி செய்வார்கள். ஒரு மாதத்துக்குப் பயன்பாட்டின் படமே தலைகீழ். சேர்வர்லெஸ்ஸில் அதற்காக நீங்கள் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

காசுக் கணக்கை மேசையில் வைத்துப் பார்ப்போம். லாம்ப்டாவில் மாதத்துக்கு 10 இலட்சம் வேண்டுகோள் இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு 10 இலட்சத்துக்கும் 20 அமெரிக்க சதம், ஓடிய நேரத்துக்குத் தனிக் கணக்கு. அந்த நேரத்துக்கும் மாதம் 4 இலட்சம் ஜி.பி.-செக்கன், அதாவது நினைவகத்தை ஓடிய செக்கனால் பெருக்கிய கணக்கு, இலவசம். நம்முடைய நிரலுக்கு 128 எம்.பி. நினைவகம், 100 மில்லி செக்கன் போதும் என்று வைத்தால், இலவச நேரத்தில் 3 கோடி முறைக்கு மேல் ஓட்டலாம். ஆகவே நம்மை முதலில் தடுப்பது வேண்டுகோளின் எண்ணிக்கைதான், நேரம் அல்ல. ஒருவர் மாதத்தில் செயலியை எப்படிப் பாவித்தாலும், பயிற்சி முடிந்ததும் ஒரு தடவை, திறக்கும்போது ஒரு தடவை என்று அனுப்பினால் 60 வேண்டுகோளுக்குள் அடங்கிவிடும். 10 இலட்சத்தை 60 ஆல் பிரித்துப் பாருங்கள், 16,000 பேருக்கு மேல். கொம்பனித்தெரு, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மூன்றிலும் உள்ள ஜிம்கள் எல்லாம் சேர்ந்தாலும் இந்த எல்லையைத் தொடுவது கடினம்.

இந்தக் கணக்கு நமக்கு உயிரானது. 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்தது. மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்ட பிறகு மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. மாதம் 5 டொலர் சேர்வர் எடுத்திருந்த ஒரு மாணவருக்கு, அவர் எதுவுமே செய்யாமல் 1,000 ரூபாய் 1,800 ரூபாயாயிற்று. நல்ல எண்ணத்தோடு இலவசமாக நடத்தப்படும் சிறு செயலிகளுக்கு இப்படி வீங்கும் நிலையான செலவு மெல்லக் கொல்லும் நோய். பூச்சியத்தை எத்தனை ரூபாயால் பெருக்கினாலும் பூச்சியம்தான்.

தரவு எங்கே தங்குவது? அமேசனில் டைனமோடிபி என்ற தரவுத்தளம் இருக்கிறது, 2012இல் வந்தது. அதன் முன்னோடி, 2007இல் வெளியான டைனமோ என்ற ஆய்வுக் கட்டுரை. அதை எழுதியவர்களுள் ஒருவர் சுவாமிநாதன் சிவசுப்பிரமணியன், பின்னாளில் டைனமோடிபியை உருவாக்கியவர்களிலும் முக்கியமானவர். அந்தக் கட்டுரையை இங்கே இருக்கும் மாணவர்கள் எல்லோரும் ஒரு தடவை படிக்க வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல் அமேசன் கடையின் பொருட்கூடை. வலைப்பின்னல் அறுந்தாலும், வன்தட்டு செத்தாலும், வாடிக்கையாளர் ஒரு பொருளைக் கூடைக்குள் போடும்போது ‘இப்போது முடியாது’ என்று சொல்லவே கூடாது என்பது அவர்கள் வைத்துக்கொண்ட கட்டளை. பிரதிகள் முரண்பட்டால் பிறகு சேர்த்துக்கொள்வோம், எழுதுவதை மட்டும் மறுக்க மாட்டோம் என்றார்கள். நான் தொடக்கத்தில் சொன்ன என் கட்சியும் இதுதான். அவர்கள் தரவு மையத்துக்குள் செய்ததை நாம் கைபேசி வரை கொண்டுவருகிறோம்.

அந்தக் கட்டுரை தன் குறையையும் ஒளிக்காமல் சொல்கிறது. முரண்பட்ட கூடைகளைச் சேர்க்கும்போது போட்ட பொருள் ஒருபோதும் தொலையாது, ஆனால் எடுத்துவிட்ட பொருள் சில வேளை மறுபடி வந்து நிற்கும். நம் செயலியிலும் அதே ஆபத்து இருக்கிறது. தவறாகப் பதிந்த 160 கிலோவை நீங்கள் அழிக்கிறீர்கள், பழைய கைபேசியை ஒருநாள் திறக்கும்போது அது உயிர்த்து வந்து ‘உங்கள் சாதனை 160’ என்று காட்டும். அதற்கு மருந்து: வரியை அழிக்காதீர்கள். ‘இந்தப் பதிவு நீக்கப்பட்டது’ என்று இன்னொரு பதிவு எழுதுங்கள். சேரும்போது நீக்கல் பதிவுதான் வெல்லும்.

அனுப்புவதில் இன்னொரு நுட்பம். கைபேசி பதிவை அனுப்புகிறது, அமேசனின் மும்பாய் மையத்தில் அது எழுதப்பட்டுவிட்டது, ‘கிடைத்தது’ என்ற பதில் திரும்பி வரும் வழியில் சிக்னல் போய்விட்டது. கைபேசிக்கு எதுவும் தெரியாது, அடுத்த தடவை அதையே மறுபடி அனுப்பும். கவனிக்காமல் விட்டால் ஒரு செட் இரண்டாகும். ஆகவே ‘முடிந்தது’ என்று தொட்ட அந்தக் கணத்திலேயே கைபேசி அந்தப் பதிவுக்கு உலகத்தில் வேறெதற்கும் இல்லாத ஒரு நீண்ட அடையாள எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். சேர்வர் எண் கொடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. அதே எண்ணோடு பத்துத் தடவை வந்தாலும் தரவுத்தளத்தில் ஒரே இடத்தில்தான் போய் உட்காரும். பத்துத் தடவை அனுப்பினாலும் கெடுதல் இல்லை என்ற நிலை வந்துவிட்டால், அனுப்பும் நிரல் மிக எளிதாகிவிடும்: அனுப்பு, பதில் வராவிட்டால் பிறகு மறுபடி அனுப்பு.

பாலரீனா எழும்பத் தாமதிப்பது பற்றி நான் முன்னே ஒத்திவைத்த விடயத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது. நீண்ட நேரம் யாரும் கூப்பிடாத நிரலை எழுப்ப லாம்ப்டாவுக்குச் சற்று நேரம் ஆகும். சேர்வர்லெஸ்ஸைக் குறை சொல்கிறவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். திரையில் ஒருவர் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் குறை உண்மை. நம் செயலியில் யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தம்பி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது பின்னணியில் அனுப்புகிறோம், அரை செக்கன் தாமதித்தால் என்ன, ஐந்து செக்கன் தாமதித்தால் என்ன? இலங்கையில் அமேசனுக்குத் தரவு மையம் இல்லை, மிக அருகில் இருப்பவை இந்தியாவில்தான், மும்பாயில் 2016இல் தொடங்கியது. அந்தத் தூரமும் இதே காரணத்தால் நம்மை உறுத்தாது.

ஒவ்வொரு செட்டையும் தனித்தனியாக டைனமோடிபியில் எழுதாதீர்கள். அங்கே ஒரு கிலோபைட் எழுதினால் ஓர் அலகு, அதற்குக் குறைந்தாலும் ஒன்றாகவே எண்ணும். ஒரு செட்டின் பதிவு 200 பைட்டளவு. இருபது செட்டைத் தனித்தனியே எழுதினால் 20 அலகு. முழுப் பயிற்சியையும் ஒரே பொருளாகக் கட்டி எழுதினால் 4 கிலோபைட், 4 அலகு. இலவசமாகக் கிடைப்பது செக்கனுக்கு 25 அலகு. ஆக செக்கனுக்கு ஒருவருடைய பயிற்சிதான் ஏறுமா, ஆறு பேருடையதா என்பதை இந்த ஒரு முடிவு தீர்மானிக்கிறது. இரவு எட்டு மணிக்கு ஜிம் கலையும் நேரத்தில் அந்த வித்தியாசம் தெரியும். இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், 25 ஜி.பி. இலவசம். கிழமைக்கு நாலு நாள் பயிற்சி செய்பவரின் ஓராண்டுக் கணக்கு முழுவதும் ஒரு எம்.பி.கூட வராது.

ஆனால் தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யுனிகோடின் வழமையான குறியாக்கத்தில் ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். ‘தோள்’ என்ற சொல்லில் கண்ணுக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு நான்கு குறியீடு, 12 பைட். அதைவிடச் சிக்கல், ‘தோ’ என்பதை இரண்டு விதமாகப் பதியலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், ஏகாரக் குறியையும் காலையும் சேர்த்து இரண்டு குறியீடாகவும் பதியலாம். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் கிடைக்காது. ஆகையால் பயிற்சியின் பெயரைப் பதிவுக்குள் வைக்காதீர்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் ஓர் எண் கொடுங்கள். பெயர்ப்பட்டியல் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் செயலிக்குள் இருக்கட்டும். பயனர் தானே சேர்க்கும் பெயரை மட்டும், சேமிக்கும் முன் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இந்தத் தெருவில் ஒரே பெஞ்சில் மூன்று மொழிக்காரர் மாறி மாறிப் படுக்கிறார்கள். மூவருக்கும் அவரவர் மொழியில் காட்டுவது எண்ணாக வைத்தால் மிகவும் எளிது.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். கைபேசியின் கடிகாரத்தை உலக நேரத்துக்கு மாற்றி, அந்த வேளையில் இருந்த நேர வித்தியாசத்தையும் சேர்த்து வையுங்கள். ஐந்தரை மணிநேரம் என்று நிரலுக்குள் நிலையாக எழுதிவிடாதீர்கள். 1996இல் இந்த நாடு கடிகாரத்தை இரண்டு தடவை மாற்றியது, 2006 ஏப்ரல் 15ஆம் திகதிதான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. துபாயிலும் டோஹாவிலும் வேலை செய்கிற நம் பிள்ளைகளும் இந்தச் செயலியைப் பாவிப்பார்கள்.

மீட்டருக்கு ஓர் ஆபத்து உண்டு, அது நிற்காமல் ஓடிவிடலாம். தரவுத்தளத்தில் எழுதியதும் ஒரு நிரல் எழும்ப வேண்டும் என்று அமைத்துவிட்டு, அந்த நிரலும் அதே இடத்தில் எழுதினால், ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டு விடிய விடிய ஓடும். ஒரே நேரத்தில் எத்தனை பிரதி ஓடலாம் என்று முதல் நாளே எல்லை போட்டுவிடுங்கள். செலவு எச்சரிக்கையும் வையுங்கள், ஆனால் அது மின்னஞ்சல் அனுப்பும், நீங்கள் தனியாகச் சொல்லி வைக்காவிட்டால் ஓட்டத்தை நிறுத்தாது. லொகினுக்குக் குறுஞ்செய்தியில் இலக்கம் அனுப்புவதையும் தவிருங்கள். குறுஞ்செய்திக்கு ஒவ்வொன்றாகக் காசு, சேர்வர் செலவைவிட அதுவே பெரிதாகிவிடும். பிரதி வேண்டும் என்று பயனர் கேட்கிற நாளில் கணக்குத் திறந்தால் போதும்.

இப்போது மாஸ்டர்மார் தரப்புக்கு வருகிறேன், ஏனென்றால் மாணவர்களின் தரவு உங்கள் கையில் இருக்கப் போகிறது. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா நிறுவனம் தன் பயனர்கள் ஓடிய பாதைகளை எல்லாம் சேர்த்து ஓர் உலக வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஓர் அவுஸ்திரேலிய மாணவர் கவனித்தார், பாலைவனங்களின் நடுவே இராணுவ முகாம்களின் ஓட்டப் பாதைகள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. அதே ஆண்டு மார்ச்சில் மைஃபிட்னஸ்பால் செயலியின் 15 கோடி கணக்குகளின் விவரம் களவு போனது என்று அதன் உரிமையாளரான அண்டர் ஆர்மர் அறிவித்தது. அந்தச் செயலியை அவர்கள் 2015இல் 475 மில்லியன் டொலர் கொடுத்து வாங்கியிருந்தார்கள், 2020இல் வேறொருவருக்கு விற்றார்கள். பயனர்களின் உணவும் எடையும் அவர்களைக் கேட்காமலே கைமாறின.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனிக் கவனத்துக்குரிய வகையில் வைத்திருக்கிறது. ஒருவருடைய உடல் எடை, ‘இடது முழங்கால் நோவு’ என்ற குறிப்பு, பிரசவத்துக்குப் பிறகு ஒரு சகோதரி எப்போது திரும்பி வந்தார் என்பது, இவையெல்லாம் அந்த வகைக்குள் வரக்கூடியவை. எனவே தேவையில்லாததைக் கேட்காதீர்கள். இருப்பிடம் இந்தச் செயலிக்குத் தேவையே இல்லை, அனுமதியும் கேட்க வேண்டாம். பிறந்த திகதி வேண்டாம், அடையாள அட்டை இலக்கம் வேண்டவே வேண்டாம். பெண்கள் தனியாகப் பயிற்சி செய்யும் நேரங்கள் நம் ஜிம்களில் உண்டு. யார் எந்த நேரத்தில் அங்கே இருக்கிறார் என்பதை மாஸ்டரைத் தவிர வேறு ஒருவரும் பார்க்க முடியாதபடி, ஒவ்வொரு வேண்டுகோளிலும் கேட்பவர் யார் என்று லாம்ப்டா நிரல் சோதிக்க வேண்டும். இதில் சோம்பல் படக் கூடாது.

கடைசியாக, நாம் இதுவரை எழுப்பிய இந்தச் செயலி என்ற கட்டடம் முழுவதும் இன்னொருவர் காணியில்தான் நிற்கிறது. பார்ஸ் என்ற சேவையை 2013இல் பேஸ்புக் வாங்கியது, கைபேசிச் செயலி எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் அதை நம்பியிருந்தார்கள். 2016 ஜனவரியில் மூடப் போவதாக அறிவித்தார்கள், ஓராண்டு அவகாசத்துக்குப் பிறகு 2017 ஜனவரியில் மூடினார்கள். நிரலைத் திறந்து கொடுத்துவிட்டுப் போனது அவர்கள் செய்த நல்ல காரியம். அமேசனும் கூகுளும் நாளைக்கே மூடிவிடப் போவதில்லை. ஆனாலும் விலை மாறும், விதி மாறும், வெளிநாட்டு அட்டைக்கு இங்கே ஒருநாள் தடை வரும். அதற்கு முன்னேற்பாடாக, செட்டைச் சேர்ப்பது, கணக்குப் பார்ப்பது போன்ற நிரலை அமேசனின் பெயர் எதுவும் தெரியாத சாதாரண நிரலாக வையுங்கள். டைனமோடிபியோடு பேசுகிற பகுதி ஒரே ஒரு கோப்புக்குள் அடங்கட்டும். நாளைக்கு அஷூரின் சென்னை மையத்துக்கோ சோஹோவுக்கோ போக நேர்ந்தால் அந்தக் கோப்பை மட்டும் மாற்றுவீர்கள்.

பயனருக்கும் அதே உரிமை வேண்டும். ‘என் கணக்கை எடுத்துக்கொள்’ என்று ஒரு பொத்தான் முதல் பதிப்பிலேயே இருக்க வேண்டும், பிறகு சேர்க்கலாம் என்று தள்ளி வைக்கக் கூடாது. அதைத் தொட்டால் திகதி, பயிற்சி, எடை, எண்ணிக்கை எல்லாம் காற்புள்ளி இட்ட ஒரு கோப்பாக இறங்கட்டும். நெட் கஃபே கணினியில்கூட எக்செல்லில் திறந்து பார்க்கலாம். அப்படித் திறக்கும்போது தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். கோப்பின் தொடக்கத்தில் அது யுனிகோட் என்று சொல்லும் மூன்று பைட் அடையாளம் இல்லாததுதான் காரணம். ஏற்றுமதி செய்யும் நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தால் அது சரியாகிவிடும். அந்த வரியை எழுதியவுடன், இங்கே இருக்கிற மாஸ்டர் ஒருவரிடம் கோப்பைக் கொடுத்து அவருடைய கணினியில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.